திண்டுக்கல் சமவெளிக்கு வந்த குரல்கள்

கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை, நடுவே ஊருக்குப் பெயர் தந்த ஒற்றைப் பாறை. இதுதான் திண்டுக்கல் சமவெளியின் கிடப்பு. இந்தச் சமவெளியில் வளர்ந்து இப்போது நரை கண்டிருப்பவர்களிடம் வானொலியைப் பற்றிக் கேட்டால் இரண்டு ஊர்ப்பெயர்கள் தவறாமல் வரும். ஒன்று திருச்சி, மற்றொன்று கொழும்பு. பக்கத்து ஊரான மதுரைக்கு வானொலி நிலையம் வந்தது 1987ல்தான். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் வேடசந்தூரின் தேநீர்க் கடைக்கும், சின்னாளப்பட்டியின் தறிக்கூடத்துக்கும், நிலக்கோட்டையின் பஞ்சாயத்து ரேடியோவுக்கும் குரல் வந்த திசைகள் இவை இரண்டே. திருச்சி செய்தியும் நெல் விலையும் கச்சேரியும் சொன்னது. கொழும்பு சினிமாப் பாட்டுப் போட்டது.

இவ்விரு நிலையங்களின் வரலாறும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் அரசாணைகளின் வரலாறு. எந்த ஆண்டு எந்த ஆளுநர் திறந்துவைத்தார், எத்தனை கிலோவாட், எந்த அமைச்சர் எதைத் தடுத்தார் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் வேறு சிலர் தென்படுகிறார்கள். பகலில் சம்பளத்துக்குப் பொறியாளர்கள், இரவில் சம்பளமில்லாத வானொலிப் பித்தர்கள். ஆங்கிலத்தில் இவர்களை அமெச்சூர் என்றும் செல்லமாக ஹாம் என்றும் சொல்வார்கள். பொழுதுபோக்காகச் சொந்தமாக அலைபரப்பியைக் கட்டி, முகமறியாத இன்னொருவருடன் வானில் பேசிப் பார்ப்பவர்கள். கொழும்புக்கு ஒருவர், சென்னைக்கு ஒருவர், திருச்சிக்கு ஒருவர் என்று மூன்று பேரை இங்கே நாம் எடுத்துக்கொள்கிறோம். மூவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் மூவர் கதையும் ஒரே ஆண்டில் வந்து சந்திக்கிறது. அந்த ஆண்டு 1924.

கொழும்பிலிருந்து தொடங்குவோம். எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர் இலங்கைத் தந்தித் துறையின் தலைமைப் பொறியாளராக 1921ல் வந்தவர். தந்திக் கம்பிகள் அறுந்தால் இணைப்பதும், கருவிகள் பழுதானால் பார்ப்பதும் அவருடைய உத்தியோகம். அவருடைய ஆசை வேறாக இருந்தது. முதல் உலகப் போரில் பிடிபட்ட ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகள் கையில் கிடைத்தன. அவற்றின் பாகங்களைக் கொண்டு தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையில் அலைபரப்பி ஒன்றைப் பூட்டினார். 1923, 1924 ஆண்டுகளில் கிராமபோன் இசைத்தட்டுகளை அதன்முன் சுழலவிட்டுப் பரீட்சார்த்த ஒலிபரப்புகளை நடத்தினார். தன்னைப் போன்ற ஆர்வலர்களைச் சேர்த்து இலங்கை வயர்லெஸ் கழகத்தை அமைத்தார். 1925 டிசம்பர் 16ல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. பிபிசி பிறந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. பின்னாளில் மயில்வாகனனும் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் தமிழகத்தின் தென்பகுதி முழுவதையும் கட்டிப்போட்ட குரல் நிலையத்தின் முதல் அறை இதுதான். ஆழ்கடலில் கப்பல்களை மூழ்கடிக்க உத்தரவு வாங்கிக்கொண்டிருந்த கருவி கொழும்பில் இசைத்தட்டுப் பாடியதை நினைத்தால், பொருள்களுக்கும் மறுபிறவி உண்டு என்று தோன்றுகிறது.

அதே காலத்தில் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டி இருந்தார். மாநகராட்சியின் மின் பொறியாளர். இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பியபோது ஒலிபரப்புக் கருவிக்கான உதிரிப் பாகங்களையும் உடன் கொண்டுவந்தவர். 1924 மே 16ல் அவருடைய முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாயிற்று. ஜூலை 31ல் ஒலிபரப்புத் தொடங்கியது. அலைபரப்பியின் ஆற்றல் 40 வாட். இன்று ஒரு சாதாரணக் குண்டு விளக்கு எரிய ஆகும் மின்சாரம் அவ்வளவுதான். பின்னர் 200 வாட் கருவி வந்தது. இசையும் உரைகளுமாக நாளுக்குச் சில மணி நேரம் நிகழ்ச்சி நடந்தது. இந்தியாவில் அப்போது அரசு வானொலி கிடையாது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1923லேயே இத்தகைய கழகங்கள் இயங்கத் தொடங்கியிருந்தன. சந்தா கட்டிய உறுப்பினர்களின் பணத்திலும், பாட வந்தவர்களின் பெருந்தன்மையிலும், செட்டி போன்றவர்களின் தூக்கம் கெட்ட இரவுகளிலும்தான் எல்லாமே நடந்தன.

பணம் போதவில்லை. 1927ல் கழகம் ஓய்ந்தது. இந்த இடத்தில் ஒரு காரியம் நடந்திருக்கிறது, அதை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். கழகம் தன் அலைபரப்பியைக் காயலான் கடைக்கு அனுப்பவில்லை. மாநகராட்சிக்கு நன்கொடையாகக் கொடுத்தது. 1930 ஏப்ரல் 1ல் சென்னை மாநகராட்சி தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கியது. மெரீனா உள்ளிட்ட பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், மாலையில் கர்நாடக இசை. கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனவர் காசில்லாமல் கச்சேரி கேட்டுத் திரும்பலாம். குடிநீரும் தெருவிளக்கும் தருகிற உள்ளாட்சி அமைப்பு சங்கீதமும் தந்தது என்பது நம் நகராட்சிகளின் வரலாற்றில் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க செய்தி. இதே 1930 ஏப்ரல் 1ல்தான், திவாலாகிப்போன இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் பம்பாய், கல்கத்தா நிலையங்களை இந்திய அரசு தன் கையில் எடுத்தது. அங்கே கம்பெனி தோற்று அரசிடம் போயிற்று. இங்கே பொழுதுபோக்குக் கழகம் தோற்று ஊராட்சியிடம் போயிற்று. எட்டாண்டுகள் மாநகராட்சி தாக்குப்பிடித்தது. 1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் அதன் வேலை முடிந்தது.

செட்டியின் பெயர் சென்னை வரலாற்று நூல்களில் ஒரு பத்தியில் வரும். மாகாணத்தின் முதல் ஒலிபரப்பை நடத்தியவருக்கு ஒரு பத்தி போதுமா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனால் பொழுதுபோக்குக்காரர்கள் பொதுவாகக் கோப்புகளை விட்டுச்செல்வதில்லை. கோப்பு விட்டுச்செல்வது உத்தியோகம். இந்தச் சிக்கல் மூன்றாமவர் கதையிலும் வரும்.

மூன்றாமவர் திருச்சிக்கு உரியவர், ஆனால் அவர் கதை லண்டனில் தொடங்குகிறது. 1924 அக்டோபர் 18, விடியற்காலை. லண்டனின் வடமேற்கு ஓரத்திலுள்ள மில் ஹில் பள்ளியில் சீசில் கோய்டர் என்ற மாணவன் மோர்ஸ் சாவியின்முன் உட்கார்ந்திருந்தான். வயது 18. அவன் தட்டிய புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் நியூசிலாந்தின் தென்தீவில், ஒடாகோ பகுதியின் ஷாக் பள்ளத்தாக்கில், ஆட்டுப்பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பெல் என்ற இன்னொரு அமெச்சூர் பதில் தட்டினார். இடையே ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர். பூமியின் மேல் ஓர் ஊரிலிருந்து இதைவிடப் பெரிதாகத் தூரம் போக இடமில்லை, அதைத் தாண்டினால் திரும்பி வரத்தான் வேண்டும். பிரிட்டனுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே நடந்த முதல் இருவழி வானொலித் தொடர்பு இது. அரசாங்கமோ மார்க்கோனி கம்பெனியோ செய்ததில்லை. ஒரு பள்ளி மாணவனும் ஒரு பண்ணைக்காரரும் செய்தது.

இதன் அருமையை உணர அந்தக் காலத்து நம்பிக்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வானொலி அலையின் நீளம் கூடக்கூட அது அதிகத் தூரம் போகும் என்றே நிபுணர்கள் எண்ணினார்கள். ஆயிரக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலைகளுக்காகப் பிரம்மாண்டமான கம்பங்களும் ராட்சச இயந்திரங்களும் நிறுவப்பட்டன. 200 மீட்டருக்குக் குறைந்த சிற்றலைகள் ஊருக்குள் பேசத்தான் லாயக்கு என்று கருதப்பட்டன. அமெரிக்காவில் 1912ம் ஆண்டுச் சட்டம் அமெச்சூர்களை அந்தப் பயனற்ற எல்லைக்குள் தள்ளி வைத்தது. தரிசு நிலத்தைத் தானம் கொடுப்பதுபோல. அந்தத் தரிசில் புதையல் இருந்தது. 1923 நவம்பரில் பிரெஞ்சு, அமெரிக்க அமெச்சூர்கள் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் அட்லாண்டிக்கைக் கடந்து பேசினார்கள். அடுத்த ஆண்டு கோய்டரும் பெல்லும் உலகின் மறுமுனையைத் தொட்டார்கள். சிற்றலை மேலே போய், உயரத்தில் மின்னூட்டம் பெற்ற ஒரு காற்றடுக்கில் பட்டு வளைந்து, மறுபடி தரைக்கு வருகிறது என்பதுதான் ரகசியம். அப்படியோர் அடுக்கு இருக்கலாம் என்று கணித மேதைகள் முன்பே ஊகித்திருந்தாலும், எட்வர்ட் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் நிறுவியது 1924 டிசம்பரில். மாணவனின் சாவி ஆய்வாளரின் சோதனைக்கு இரண்டு மாதம் முந்திவிட்டது. வழி எப்படி என்று தெரிவதற்கு முன்பே பயணம் நடந்துவிட்டது.

கோய்டர் பொறியியல் கற்றுத் தொழில்முறைப் பொறியாளரானார். 1936ல் அவர் இந்தியாவுக்கு வந்தார், அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக. அப்போது அதன் தலைவர் பிபிசியிலிருந்து வந்த லயனல் ஃபீல்டன். அகில இந்திய வானொலி என்ற பெயரே 1936 ஜூனில்தான் வந்தது. அந்தப் பெயர் தன் சொந்த யோசனை என்றே வைஸ்ராய் லின்லித்கோ நம்பும்படித் தான் பேச்சைக் கொண்டுபோன விதத்தைப் ஃபீல்டன் தன் சுயசரிதையில் குறும்போடு சொல்லியிருக்கிறார். பெயர் கிடைத்துவிட்டது. நாடு முழுவதற்கும் கேட்க வேண்டுமே, அதற்குக் கையிலிருந்த பணம் 40 லட்சம் ரூபாய் மட்டுமே.

இந்தியா வெப்பமண்டல நாடு. கோடை மழைக்காலத்து மின்னல்களின் இரைச்சல் மத்திய அலையில் கடகடவென்று விழும். அதை மீறிக் கேட்க வேண்டுமென்றால் வலிமையான நிலையங்கள் ஊருக்கு ஊர் வேண்டும். அவ்வளவு பணம் கிடையாது. ஆய்வு செய்ய முன்பே வந்து போயிருந்த பிபிசி பொறியாளர் எச். எல். கெர்க் மத்திய அலை நிலையங்களை மையமாக வைத்துத் திட்டம் சொல்லியிருந்தார். கோய்டர் அதை மாற்றினார். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு இடங்களில் சிற்றலை அலைபரப்பிகளை நிறுத்தி நாடு முழுவதையும் சுமாரான தரத்திலாவது மூடிவிடுவது, முக்கியமான சில நகரங்களில் மட்டும் மத்திய அலை வைத்துச் சுற்றுவட்டாரத்துக்குத் தெளிவாகக் கொடுப்பது என்று வகுத்தார். சென்னையில் 1938ல் நகரத்துக்கு கால் கிலோவாட் மத்திய அலை, மாகாணத்துக்கு 10 கிலோவாட் சிற்றலை என்று அமைந்தது இந்தக் கணக்கில்தான். பள்ளிக்கூடத்து அறையில் 18 வயதில் எந்த அலையை நம்பினாரோ அதே அலையை 30 வயதில் ஒரு துணைக்கண்டத்துக்குப் பரிந்துரைத்தார். பொழுதுபோக்கு உத்தியோகத்துக்குள் நுழைந்து கோப்பாக மாறிய அபூர்வமான தருணம் இது. அரசு ஆவணங்களில் இது கோய்டரின் திட்டமாக இருக்கிறது. அந்த மனிதருக்குச் சிற்றலையின் மீது அத்தனை நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை அறிய மில் ஹில்லுக்குப் போக வேண்டியிருக்கிறது.

திருச்சி நிலையம் 1939 மே 16ல் தொடங்கியது. 5 கிலோவாட் மத்திய அலை. தமிழுக்கென்றே அமைந்த, தலைநகரில் இல்லாத முதல் நிலையம் என்ற வகையில் அதன் சிறப்பு தனி. திண்டுக்கல்லுக்கு அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கேட்கக்கூடிய தூரம்தான், ஆனால் எளிதான தூரமென்று சொல்ல முடியாது. மத்திய அலை பகலில் தரையைத் தடவிக்கொண்டே நகரும். ஈர மண் அதற்கு நல்ல பாதை, வறண்ட கருங்கல் பூமி மோசமான பாதை. திருச்சியிலிருந்து கிழக்கே தஞ்சைக்குப் போகும் அலைக்குக் காவிரி வண்டல் கம்பளம் விரித்திருந்தது. மேற்கே மணப்பாறை, வையம்பட்டி, வடமதுரை வழியாக வருவதற்குப் பாறைதான். தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு மக்கள் 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள். 1960களின் நடுவே திருச்சி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகள் அதை அவ்வளவு பரப்பின. திண்டுக்கல் பக்கத்தில் நெல் அவ்வளவில்லை என்பது வேறு விஷயம்.

கொழும்பு திண்டுக்கல்லிலிருந்து 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் பாதையில் பெரும்பகுதி மன்னார் வளைகுடா. உப்புநீர் அலைக்கு ஈர மண்ணைக் காட்டிலும் பன்மடங்கு உகந்தது. எனவே தூரத்துச் சொந்தக்காரன் பக்கத்து வீட்டுக்காரனைவிடத் தெளிவாகப் பேசினான். இதோடு 1952ல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைக் கெட்ட சகவாசம் என்று எண்ணி வானொலியிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றியது சேர்ந்துகொண்டது. 1957 அக்டோபர் 3ல் விவித்பாரதி வரும்வரை, வந்த பின்னும் வெகுகாலம், தமிழ்நாட்டுப் பாட்டைத் தமிழ்நாட்டான் கடல் கடந்து வாங்கிக் கேட்டான். ஹார்ப்பரின் சிறிய அறைக்கு இவ்வளவு நேயர்கள் சேருவார்கள் என்று ஹார்ப்பரே கனவு கண்டிருக்க மாட்டார்.

வானத்து அடுக்கைப் பற்றிச் சொன்னோம். அதை அன்றாடம் கவனித்துக்கொண்டிருந்த ஓர் இடம் இச்சமவெளியின் தலைக்கு மேலேயே இருந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம், சென்னை வானாய்வகத்தின் பணியிலிருந்து 1899ல் மலையேறி வந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909ல் இங்கேதான் கண்டார், அந்த நிகழ்வுக்கு இன்றும் அவர் பெயர். சூரியனில் பெரும் வெடிப்பு நேரும்போது எக்ஸ் கதிர்கள் வந்து மேலடுக்குக் காற்றின் அடிப்பகுதியை மாற்றுகின்றன. பகல் பக்கத்தில் சிற்றலைகள் விழுங்கப்படுகின்றன. ஊரில் ரேடியோ வைத்திருந்தவர் பெட்டி கெட்டுவிட்டதென்று தலையில் தட்டிக்கொண்டிருந்த வேளையில், மேலே மலையில் அதன் காரணம் புகைப்படத் தகட்டில் பதிவாகிக்கொண்டிருந்திருக்கக் கூடும். 1950களில் அயனி மண்டலத்தை வானொலித் துடிப்புகளால் அளக்கும் கருவியும் அங்கே வந்தது. கொடைக்கானல் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகே அமைந்திருப்பதால் அந்த அளவுகளுக்கு உலக ஆய்வாளர்களிடையே மதிப்பு உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அளந்த அதே வானத்தை அமெச்சூர்கள் காதால் அளந்தார்கள். இன்று பகலில் எந்த அலைவரிசை திறந்திருக்கிறது, எப்போது ஜப்பான் கேட்கும், எப்போது ஐரோப்பா மங்கும் என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பது அவர்களுடைய வழக்கம்.

இனி வருவது கசப்பான பகுதி. திருச்சி நிலையம் திறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, போர் வந்தது. இந்தியாவில் அமெச்சூர்களின் உரிமங்கள் ரத்துச் செய்யப்பட்டன. கருவிகளை ஒப்படைக்க உத்தரவு வந்தது. 1921ல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தாவும் அவரை அடுத்து முகுல் போஸும் தொடங்கிவைத்த ஒரு சிறு கூட்டம், நாடு முழுவதும் ஐம்பது பேரைக்கூட எட்டாத கூட்டம், ஒரே நாளில் வாயடைத்தது. நாட்டின் வானொலித் தலைமைப் பொறியாளர் உலகப் புகழ்பெற்ற ஓர் அமெச்சூர். அவர் நாற்காலியில் இருந்த காலத்திலேயே அவருடைய இனத்தவர் கைகள் கட்டப்பட்டன. அவர் அதைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்ற கேள்வி நம்மை விட்டு அகல மறுக்கிறது. போர்க்காலம், வேறு வழியில்லை என்பார்கள். உண்மைதான். அரசின் அச்சத்துக்குக் காரணமில்லாமலும் இல்லை. 1942 ஆகஸ்ட் 27 முதல் நவம்பர் 12 வரை உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் வீடு மாற்றி வீடு மாற்றி நடத்திய காங்கிரஸ் வானொலியின் கருவியைக் கட்டிக் கொடுத்தவர் நரிமன் பிரிண்டர் என்ற அமெச்சூர்.

போருக்குப் பின் உரிமங்கள் திரும்பின. 1948ல் தேசிய அளவிலான அமெச்சூர் சங்கமும் அமைந்தது. ஆனால் ஒரு கோடு அழுத்தமாகக் கிழிக்கப்பட்டது. 1978ம் ஆண்டு விதிகளின்படியும், உலக நடைமுறையின்படியும், அமெச்சூர் நிலையம் இசை ஒலிபரப்பக் கூடாது, பொதுமக்களுக்கு நிகழ்ச்சி நடத்தக் கூடாது, காசு வாங்கக் கூடாது. இரண்டு ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், அவ்வளவே. அதாவது கிருஷ்ணசாமிச் செட்டி 1924ல் செய்ததை இன்றைய அமெச்சூர் செய்தால் உரிமம் போய்விடும். ஹார்ப்பர் சுழலவிட்ட இசைத்தட்டு இன்று குற்றம். விதி நியாயமானதே. அலைவரிசை குறுகலானது, எல்லோரும் பாட்டுப் போட்டால் யாரும் பேச முடியாது. என்றாலும், ஒரு வீட்டைக் கட்டிக்கொடுத்த கொத்தனாரைக் கிரகப்பிரவேசத்துக்குப் பின் திண்ணைக்கு மேல் ஏறக் கூடாது என்று சொன்னதுபோல இதில் ஏதோ ஒன்று உறுத்துகிறது.

கேட்பவருக்கும்கூட அன்று உரிமம் தேவைப்பட்டது. 1980களின் நடுப்பகுதி வரையில் ரேடியோப் பெட்டி வைத்திருப்பவர் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டிச் சிறு புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். பெட்டியை மறைத்து வைத்துக் கேட்டவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் காலத்துக் கேட்பவரும் பாதி அமெச்சூர்தான் என்று நாம் சொல்லத் துணிவோம். இரண்டு மூங்கில்களுக்கு இடையே செப்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டத் தெரிய வேண்டும். கரியும் உப்பும் இட்டுக் குழி தோண்டித் தரையிணைப்புக் கொடுக்கத் தெரிய வேண்டும், கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவிருக்க வேண்டும். மின்சாரம் எட்டாத கிராமத்தில் பேட்டரி எத்தனை நாள் வரும் என்ற கணக்கு வேண்டும். குமிழைத் திருப்பும்போது இரண்டு நிலையங்களுக்கு நடுவே மயிரிழை அளவு நிறுத்தும் விரல் நுணுக்கமும் வேண்டும். பூட்டுக்குப் பேர்போன ஊருக்கு, நெம்புகோலின் நுட்பத்தைக் கையாலேயே அறிந்த கம்மியர்கள் வாழ்ந்த ஊருக்கு, இந்த விரல் நுணுக்கம் புதிதில்லை.

பண்பலை வந்தபின் இத்தனை வித்தையும் வேண்டாமற் போயிற்று. பண்பலை நேர்கோட்டில் செல்வது, தரைத் தடவலோ வான வளைவோ அதற்குக் கிடையாது. எனவே உயரம்தான் எல்லாம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிலிருந்து, கணக்குப் போட்டுப் பார்த்தால், சுமார் 190 கிலோமீட்டர் வரை அதற்கு அடிவானம். மலைமேல் நின்று கத்தினால் சமவெளி முழுக்கக் கேட்கும் என்ற பழைய உண்மைதான். கொடைக்கானல் பண்பலை திண்டுக்கல்லுக்கு மட்டுமல்லாமல் சுற்றியுள்ள பல மாவட்டங்களுக்கும் உள்ளூர் வானொலியாயிற்று. திருச்சியைத் தேடிக் குமிழ் திருப்பிய விரல்கள் ஓய்வு பெற்றன.

ஷாக் பள்ளத்தாக்கில் ஃபிராங்க் பெல் சில காலத்தில் பண்ணை வேலைக்குத் திரும்பிவிட்டார். அவருடைய வானொலி நிலையத்தை எடுத்து நடத்தியவர் அக்கா பிரெண்டா பெல், நியூசிலாந்தின் முதல் பெண் அமெச்சூர். 1927ல் அவர் தென்னாப்பிரிக்காவுடன் தொடர்பு கொண்டார். கோய்டர் 1946 வரை இந்தியாவில் பணியாற்றினார். அவர் வகுத்த சிற்றலை, மத்திய அலைப் பங்கீட்டின் மேல்தான் விடுதலைக்குப் பிந்தைய வானொலி தன் கட்டடத்தை எழுப்பியது.

தமிழ்நாட்டு அமெச்சூர்கள் விடியும் வேளையில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கூடுவது இன்றும் உண்டு. சிற்றலை வானொலிப் பெட்டியோடு ஒற்றைப் பக்கப்பட்டையைப் பிரிக்கும் வசதியும் இருந்தால் யாரும் ஒட்டுக்கேட்கலாம். ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் அதில் இருப்பார்கள். பேச்சில் பெரிய விஷயம் எதுவும் இராது. உங்கள் குரல் எனக்கு எப்படி வருகிறது, என் குரல் உங்களுக்கு எப்படி வருகிறது, அங்கே மழை உண்டா, புது ஏரியல் எத்தனை அடி உயரம். சூரியன் சிறுமலைக்கு மேல் ஏற ஏற அயனி மண்டலத்தின் அடியடுக்கு கெட்டிப்பட்டுத் தூரத்துக் குரல்கள் ஒவ்வொன்றாக மங்கும். குளிக்கப் போக வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று யாராவது ஒருவர் முதலில் சொல்வார்.